காலைக் கடிக்காத செருப்பு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் கற்பனையில் பிறக்கவில்லை. நான் எழுதிய ஓர் அலுவலக அறிக்கையில் பிறந்தது. மொத்தமே நாலு வரி. நாலாவது வரி பொய். பொய் என்று தெரிந்து எழுதவில்லை. தெரிந்த பிறகு திருத்தவும் இல்லை. அதனால்தான் ஓய்வு பெற்றவள் வீட்டில் சும்மா இருக்காமல் கதை எழுதுகிறேன் பேர்வழி என்று கிளம்பியிருக்கிறேன்.

உதவித்தொகை அலுவலகத்தில் இருபத்தாறு வருஷம் கள ஆய்வாளராக இருந்தேன். கணவன் விட்டுப்போன பெண்களுக்கு அரசு மாதாமாதம் ஒரு தொகை கொடுக்கும். விட்டுப்போனது நிஜம்தானா என்று வீட்டுக்கே போய்ப் பார்த்து எழுதுவது என் வேலை. சொல்லாமல்தான் போவோம். கொடியில் என்ன காய்கிறது, வாசலில் யார் செருப்பு கிடக்கிறது என்று நோட்டம் விடுவோம். எந்த வீட்டில் ஆம்பிளை இருக்கிறான் என்று எங்கள் மூக்கே சொல்லிவிடும் என்று பீற்றிக்கொள்வதும் உண்டு.

2

முதல் தொடக்கம்: "நான் அந்தத் தெருவுக்குள் நுழைந்தபோது வானம் அழுதுகொண்டு..."

அடித்துவிட்டேன். அன்றைக்குச் சுள்ளென்று வெயில்.

இரண்டாவது தொடக்கம்: "அவள் ஏழை, ஆனால் மானமுள்ளவள்."

இதையும் அடித்தேன். மானமுள்ளவள் என்று சான்றிதழ் கொடுத்தால்தான் உங்களுக்கு அவள்மேல் இரக்கம் வரும் என்று நினைக்கிறேன், பாருங்கள். இருபத்தாறு வருஷப் புத்தி, லேசில் போகுமா?

மூன்றாவது: "கதவு திறந்திருந்தது." இது போதும்.

கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரே அறை. சன்னலோரம் உட்கார்ந்து ஒருத்தி சட்டைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். பொத்தான் நுழையும் ஓட்டையைச் சுற்றி ஊசிநூலால் கட்டும் வேலை. கம்பெனியிலிருந்து மூட்டையாக எடுத்து வந்து வீட்டிலேயே செய்கிறாள். மூலையில் எட்டு வயதுப் பெண் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தது. கணவர் பெயிண்டர். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியூர் வேலைக்குப் போனார். இரண்டு மாதம் போன் வந்தது. அப்புறம் அந்த எண்ணே உபயோகத்தில் இல்லை என்றது.

"வீட்ல யார் யார்மா இருக்கீங்க?"

"நானும் பொண்ணும்தான்."

"அவர் எப்பவாவது வந்துட்டுப் போவாரா?"

"வந்தா ஏன்மா போக விடப்போறேன்?" என்று சிரித்தாள்.

வெளியே வந்து என் செருப்பை மாட்டும்போதுதான் பார்த்தேன். பக்கத்தில் ஆண் செருப்பு ஒன்று. தோல் செருப்பு, ஒன்பதாம் நம்பர் இருக்கும். வாரில் தூசி இல்லை. அடி தேய்ந்து, ஈரமண் ஒட்டியிருந்தது. அன்று காலையில்கூட யாரோ போட்டு நடந்திருக்கிறார்கள்.

ஆஹா, அகப்பட்டுக்கொண்டாள் என்று எனக்குள் ஒரு குஷி. [இந்த வாக்கியத்தை எடுத்துவிடலாமா? வேண்டாம், கிடக்கட்டும்.] நாலாவது வரியை எழுதினேன்: "வீட்டில் ஆண் ஒருவர் வசிப்பதற்கான அடையாளம் உள்ளது." மனு தள்ளுபடி ஆனது.

3

மூன்று வாரம் கழித்து அலுவலகத்துக்கு வந்தாள். டப், டப் என்று சத்தம் கேட்டுத் தலை நிமிர்ந்தேன். அவள் காலில் அந்தச் செருப்பு. குதிகாலுக்குப் பின்னால் நாலு விரல் அகலம் நீட்டிக்கொண்டிருந்தது.

"என்னம்மா, இதைப் போட்டுட்டா வந்தே?"

"இதைப் பார்த்துத்தான் எழுதினீங்கன்னு கவுண்டர்ல சொன்னாங்க. அதான் காட்டலாம்னு. தினமும் நான்தாம்மா போடுறேன். குழாயடிக்கு, கம்பெனிக்கு, எல்லாத்துக்கும்."

"உனக்குன்னு செருப்பு கிடையாதா?"

"இருக்கு." கொஞ்சம் வெட்கப்பட்டாள். "இது புதுசுல அவர் காலைக் கடிச்சுதுன்னு, பழசையே மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டார். போடாம வச்சா தோல் இன்னும் விறைச்சுப் போகும். வர்ற அன்னைக்கு மறுபடியும் கடிக்கும். அதான் நடந்து நடந்து பழக்கி வைக்கிறேன்."

கழற்றி என் மேசைக்குப் பக்கத்தில் வைத்தாள். குனிந்து பார்த்தேன். பெரிய செருப்புக்குள் கறுப்பாக ஒரு சின்னப் பாதத்தின் தடம். குதிகால் பக்கம் புதுசு போல இருந்தது. தேய்ந்திருந்ததெல்லாம் அதற்கு முன்னால், நடுவில்தான். மூக்கை நம்பினேனே, கண்ணால் பார்த்தேனா?

4

எங்கள் மேலதிகாரி கெட்டவர் இல்லை.*

நான் விஷயத்தைச் சொன்னதும், "ரெண்டு வழி இருக்கு," என்றார். "ஒண்ணு, நீங்க எழுதினது தப்புன்னு திருத்தக் குறிப்பு குடுக்கணும். அது உங்க சர்வீஸ் புத்தகத்துல ஏறும். பதவி உயர்வு லிஸ்ட் வர்ற நேரம், பார்த்துக்கங்க. இன்னொண்ணு, அந்தம்மா உறுதிமொழிப் பத்திரத்துல கையெழுத்துப் போடணும். போட்டா உங்க குறிப்பு இல்லாமலே மனுவை மறுபடி எடுத்துக்கலாம். அவங்கவங்க வாழ்க்கைக்கு அவங்கவங்கதானே பொறுப்பு?"

நான் இரண்டாவது வழியைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அவளுக்கு வாசித்துக் காட்டினேன்: "என் கணவர் திரும்பி வருவார் என்ற எதிர்பார்ப்பு எனக்கு இல்லை."

பேனாவைப் பிடித்தவள் கீழே வைத்துவிட்டாள்.

"வேற எதுல வேணும்னாலும் போடுறேன்மா. இது மட்டும் வேண்டாம்."

"சும்மா ஒரு கையெழுத்துதானே? மனசுக்குள்ள நீ என்ன வேணும்னாலும் நினைச்சுக்கோ, யார் கேட்கப்போறா?"

"வரமாட்டேன்னு அவரே சொல்லலை. நான் எப்படிம்மா எழுதிக் குடுப்பேன்?"

"பொண்ணை நினைச்சுப் பாரு. பொறுப்பா நடந்துக்க வேண்டாமா?"

ஆமாம், அதைச் சொன்னது நான்தான். மேலதிகாரி தலையில் கட்டிவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

அவள் கோபப்படவில்லை. "பொறுப்பாத்தாம்மா இருக்கேன். சம்பாதிக்கிறதும் நான்தான், காத்திருக்கிறதும் நான்தான். வேற யார் இருக்கா அந்த வீட்ல?" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டாள். டப், டப்.

பொறுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. விட்டுப்போனவன் நிரப்ப எங்கள் அலுவலகத்தில் ஒரு படிவமும் கிடையாது. கேட்டு வருகிறவளுக்குப் பதினாறு பக்கம். தப்பாக எழுதிய ஆய்வாளருக்கு அரைப் பக்கம், அதுவும் இஷ்டப்பட்டால். நான் இஷ்டப்படவில்லை. பதவி உயர்வு வந்தது. அவள் இரண்டு மூட்டை எடுக்க ஆரம்பித்தாள், பள்ளிக்கூடம் விட்டு வந்து பெண்ணும் கூட உட்கார்ந்து காஜா எடுக்கிறது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

* அடிக்குறிப்பு: முந்தைய வடிவத்தில் அவருக்கு முறுக்கு மீசை கொடுத்திருந்தேன். வில்லனாக்கிவிட்டு நான் தப்பிக்கப் பார்த்தது அப்பட்டமாகத் தெரிந்தது. மழித்துவிட்டேன்.

5

முடிவு ஒன்று: அவள் கையெழுத்துப் போடுகிறாள். மூன்று முறை எழுதிப் பார்த்தேன். என் கதை, என் பேனா, ஆனாலும் அவள் கை அசையமாட்டேன் என்கிறது.

முடிவு இரண்டு: ஆய்வாளர் திருத்தக் குறிப்பு எழுதுகிறார். அவளுக்கு உதவித்தொகை வந்துவிடுகிறது. என் வீட்டுக்காரர் படித்துவிட்டு, "பிரமாதம். ஆனா நீ எழுதலையே?" என்றார். இந்த மனுஷனிடம் காட்டியிருக்கவே கூடாது.

ஓய்வு பெற்ற மறுநாள் அந்த அரைப் பக்கத் திருத்தக் குறிப்பை எழுதி எடுத்துக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போனேன். அறையில் வேறு குடும்பம். எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தக் காகிதம் இப்போதும் என் கைப்பையில் இருக்கிறது. தெருவில் டப், டப் என்று யார் நடந்தாலும் சன்னலுக்கு ஓடுகிறேன். வந்து ஒருதடவை என் முன்னால் நிற்கமாட்டாளா என்று ஏங்கிப் போகிறேன். காத்திருப்பது எவ்வளவு வேலை என்று இந்த வயதில்தான் தெரிகிறது.

முடிவு மூன்று: அவர் வருகிறார். இதை ஆசை ஆசையாக எழுதினேன். சாயங்காலம். வாசலில் ஏணியைச் சாய்க்கும் சத்தம். முழங்கையில் பெயிண்ட் காயாமல் இருக்கிறது. பெண் அடையாளம் தெரியாமல் விழிக்கிறது. அவள் செருப்பை அவர் காலடியில் வைக்கிறாள். அவர் காலை நுழைக்கிறார். "கடிக்குதா?" என்று கேட்கிறாள். "இல்லையே" என்கிறார்.

எழுதிவிட்டு அழுதேன். மறுநாள் காலையில் திரும்பப் படித்தபோது பகீரென்றது. அவர் வந்துவிட்டால் அந்த வீட்டில் ஓர் ஆண் வசிக்கிறார். என் நாலாவது வரி உண்மையாகிவிடுகிறது. அவளுக்காக அழைத்தேன் என்று நினைத்தேனே, என் அறிக்கைக்காக அல்லவா அந்த மனிதரை ஏணியோடு இழுத்து வந்திருக்கிறேன்?

கிழித்துவிட்டேன்.

6

ஆகவே, அவர் வரவேண்டும் என்று ஆசைப்படக்கூட எனக்கு அருகதை இல்லை. ஆனால் ஆசை விடமாட்டேன் என்கிறது.

நீங்கள் அப்படியில்லை. நீங்கள் அவளைப் பற்றி எந்த அறிக்கையும் எழுதவில்லை. அவர் வந்தால் உங்களுக்கு ஒரு லாபமும் கிடையாது. அதனால் நீங்கள் அழைத்து வாருங்கள். ஏணி இல்லாமல் வந்தாலும் பரவாயில்லை. அவர் வரமாட்டார் என்று தோன்றினால், என் கைப்பையிலிருக்கும் காகிதத்தையாவது கொண்டுபோய்ச் சேருங்கள்.

எந்த வீடு என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. வாசலில் ஓர் ஆண் செருப்பு கிடக்கும். என்னைப் போல நின்றவாக்கில் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். குனிந்து பாருங்கள். உள்ளே ஒரு சின்னப் பாதத்தின் தடம் இருந்தால், அந்த வீடுதான்.