மூன்று முறை பார்த்த படம்

எங்கள் துறைத்தலைவருக்கு ஒரு வியாதி உண்டு. கணினியில் சின்னதாக எந்த ஃபைலைப் பார்த்தாலும் கை அரிக்கும். "என்னம்மா இது, குப்பை!" என்று அழித்துவிடுவார். பெரிய ஃபைல்களிடம் மட்டும்தான் மரியாதை. மனிதர்கள் விஷயத்திலும் அப்படித்தான்.

நான் அவருடைய அலுவலக உதவியாளர். கல்லூரியில் எல்லாருக்கும் நான் அக்கா, அவருக்கு மட்டும் "ஏம்மா". அவர் அனுப்பும் பதில், கொடுக்கும் அறிக்கை, கூட்டத்தில் பேசும் பேச்சு எல்லாம் நான் எழுதியவை. கையெழுத்து மட்டும் அவருடையது. அலுவலகக் கண்காணிப்பாளர் பதவி காலியானபோது, இந்தத் தடவை நமக்குத்தான் என்று ஆசையை வளர்த்துக்கொண்டேன்.

"உனக்கு வேலை தெரியும்மா, இல்லேங்கல. ஆனா நாலு பேர் முன்னாடி வாயைத் திறந்து பேசணுமே. அது உனக்கு வராது," என்றார்.

அவர் சிபாரிசு செய்யப்போவது, அவர் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடக்கும் குமாஸ்தாவை. அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் ஆமாஞ்சாமி. திங்கட்கிழமை முதல்வர் மேடம் முடிவு சொல்வதாக இருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. கழிவறைக்குப் போய் அழுதேன். பிறகு மூஞ்சியைக் கழுவிக்கொண்டு வந்து, வெள்ளிக்கிழமை கல்லூரி விழாவுக்கான அவருடைய பேச்சைத் தட்டச்சு செய்தேன்.

அந்த விழாவில்தான் ஒரு சீனப் படம் போடுவதாக இருந்தது. சாதாரண எழுத்தராகச் சேர்ந்து மேலே வர முட்டிமோதும் ஒரு பெண்ணின் அலுவலகக் கதை. படத்தைத் தேடிப் பிடித்தது நான். தமிழ் சப்டைட்டில் ஃபைலைக் கெஞ்சிக் கேட்டு வாங்கியது நான். சரியாக ஓடுகிறதா என்று வீட்டில் போட்டுப் பார்த்ததும் நான்தான். கூடவே என் மாமியாரும் உட்கார்ந்துவிட்டார். அத்தைக்குக் கண்ணில் புரை, கீழே ஓடும் எழுத்து தெரியாது. எந்த வெளிநாட்டுப் படமானாலும் ஆளுக்கொரு குரல் வைத்து நான்தான் வசனம் சொல்ல வேண்டும். படம் இழுத்தால் நானே நாலு வரி சேர்த்துவிடுவேன். இந்தப் படத்தின் முடிவில் அந்தப் பெண் வேலையை விட்டுவிட்டுப் போகிறாள். அத்தைக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"உழைச்சதும் இவ, வெளிய போறதும் இவளா? நல்லா இருக்கே நியாயம்!"

"படத்துல அப்படித்தான் இருக்கு அத்தை."

"இருந்தா என்ன? மத்ததெல்லாம் சேத்துச் சொல்ற, இதை மாத்திச் சொன்னா வாய் வலிக்குதா?"

வெள்ளிக்கிழமை அரங்கு நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் முதல்வர் மேடம். தலைவர் மைக்கைப் பிடித்தார். நான் எழுதிக்கொடுத்த பேச்சை மேசையில் வைத்துவிட்டு, "இந்தப் படத்தை நான் மூணு தடவை பார்த்தேன். ஒவ்வொரு வசனமும் எனக்கு மனப்பாடம்," என்று அளந்துவிட்டார். மனுஷன் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

விளக்கு அணைந்தது, படம் ஓடத் தொடங்கியது. கீழே எழுத்தைக் காணோம். பென்டிரைவைத் திறந்து பார்த்தேன். படம் இருந்தது, பக்கத்தில் இருந்த குட்டி சப்டைட்டில் ஃபைல் இல்லை.

"சார், இதுல இன்னொண்ணு இருந்துச்சே?"

"அதுவா? காலையில நான்தான் கிளீன் பண்ணேன். பென்டிரைவ் சுத்தமா இருக்க வேணாமா?"

மாணவர்கள் விசிலடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். முதல்வர் திரும்பினார். "வசனமெல்லாம் மனப்பாடம்னீங்களே சார், நீங்களே மைக்ல சொல்லிடுங்களேன்."

தலைவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "தொண்டை கட்டியிருக்கு மேடம். இந்தம்மா சொல்லும், நான் எல்லாம் சொல்லிக் குடுத்திருக்கேன்," என்று மைக்கை என் கையில் திணித்தார். நாலு பேர் முன்னால் பேச வராதவளிடம்!

பக்கத்தில் அத்தை உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு வாயைத் திறந்தேன். கொஞ்ச நேரம் சத்தியமாக உள்ளதை உள்ளபடிதான் சொன்னேன். பிறகு திரையில் மேலாளர், அந்தப் பெண் எழுதிய அறிக்கையில் தன் பெயரைப் போட்டுக்கொண்டார். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"என்னம்மா இது, குப்பை!" என்றேன், தலைவரின் அதே மூக்குக் குரலில்.

அரங்கே அதிர்ந்தது. அந்தக் குரலை அறியாத மாணவர் எங்கள் கல்லூரியில் கிடையாது. முதல்வர் தலைவர் பக்கம் சாய்ந்தார். "நிஜமாவே அப்படித்தான் சொல்றாரா?"

மூன்று முறை பார்த்தவர் வேறு என்ன சொல்ல முடியும்? "ஆமா மேடம். அப்படியேதான்."

அவ்வளவுதான், எனக்குக் குஷி பிறந்துவிட்டது. மேலாளர் பேனாவை எடுத்தால், "எங்க கையெழுத்துன்னு மட்டும் காட்டு, இதையெல்லாம் யாரு படிக்கிறது?" என்றேன். அவர் விரலை ஆட்டினால், "உனக்கு வேலை தெரியும்மா, இல்லேங்கல. ஆனா பேச வராது," என்றேன். அவர் பின்னால் திரிந்த இளைஞன் நீளமாக என்ன பேசினாலும் "ஆமாங்க" என்று முடித்தேன். ஆமாஞ்சாமி நாற்காலிக்குள் அமுங்கிக்கொண்டே போனான். ஒவ்வொரு வசனத்துக்கும் முதல்வர் திரும்பிப் பார்த்தார், ஒவ்வொரு தடவையும் தலைவர் தலையாட்டினார்.

கடைசிக் காட்சி வந்தது. அந்தப் பெண் தன் சாமான்களை அட்டைப்பெட்டியில் அடுக்குகிறாள். மேலாளர் இரண்டே வார்த்தை சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். மனதுக்குள் அத்தை என் தொடையில் இடித்தார்.

"என்னை மன்னிச்சிடும்மா. இந்தப் பதவிக்கு உன்னை விட்டா ஆள் கிடையாது. நானே சிபாரிசு பண்றேன்," என்றேன்.

"ரெண்டு வார்த்தைக்கு இவ்வளவு அர்த்தமாக்கா?" என்று ஒருவன் கத்தினான்.

"பேசாம படத்தைப் பாருடா!" என்றேன்.

திரையில் அவள் பெட்டியோடு கொட்டும் மழையில் போனாள். "பதவி கிடைச்சவ ஏன்க்கா மழையில போறா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"புது ரூம் வேற கட்டடத்துல இருக்கு."

கைதட்டலில் கூரை பறந்தது. விளக்கு எரிந்ததும் முதல்வர் எழுந்தார். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்திருந்தார்.

"அந்த மேனேஜர் கடைசியில செஞ்சது சரிதானே சார்?"

"சரிதான் மேடம்."

"நம்ம கண்காணிப்பாளர் பதவிக்கு நீங்க யாரைச் சொல்றீங்க?"

அரங்கு மொத்தமும் அவர் வாயைப் பார்த்தது. மைக் இன்னும் என் கையில் இருந்தது.

"இந்தம்மாவைத்தான் மேடம்."

திங்கட்கிழமை உத்தரவு வந்தது. என் டம்ளர், டிபன் டப்பா, நாற்காலியில் போட்டிருந்த துண்டு எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் அடுக்கினேன். சந்தோஷத்தில் கண் கலங்கி, டப்பா இரண்டாகத் தெரிந்தது. கண்காணிப்பாளர் அறை மைதானத்துக்கு அந்தப் பக்கக் கட்டடத்தில். நம்பினால் நம்புங்கள், வெளியே மழை.

தலைவர் வாசல் வரை பின்னாலேயே வந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா, உண்மையைச் சொல்லு. அந்தப் படத்துல அவளுக்கு நிஜமாவே பதவி கிடைச்சுதா?"

"என்ன சார் என்னைப் போய்க் கேக்கறீங்க? நீங்கதானே மூணு தடவை பார்த்தீங்க," என்று சொல்லிவிட்டு, பெட்டியோடு மழையில் இறங்கினேன்.