வண்டியில் மட்டும் வலிக்காத கால்

என் இடுப்பைத் திறந்து, தேய்ந்துபோன மூட்டை எடுத்துவிட்டுப் புது மூட்டு வைக்க வேண்டும் என்று சாந்தா ஃபே நகரத்து டாக்டர் சொன்னபோது நான் அவருக்கு ஒரு வாக்குக் கொடுத்தேன்.

"எங்க வீட்டு வண்டியில நானா ஏற முடியாம போற அன்னிக்கு வந்து படுத்துக்கறேன் டாக்டர். அதுவரைக்கும் கத்திய உறையிலயே வைங்க."

"ரொம்பத் தள்ளிப்போடாதீங்கம்மா. எலும்பு இன்னும் தேஞ்சா புது மூட்டு சரியா உக்காராது. அப்புறம் நாற்காலியோட நாற்காலியாத்தான் இருக்கணும்."

மகள் வெரோனிகா என்னை முறைத்தாள். என் வீட்டுக்காரர் கோஸ்மே வாயே திறக்கவில்லை. அவருடைய அண்ணன் அமடோ பித்தப்பைக் கல்லை எடுக்கப் போய் மயக்கத்திலிருந்து திரும்பவே இல்லை. அதிலிருந்து ஆஸ்பத்திரி வாசனை வந்தாலே இவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

எங்கள் வண்டி அறுபத்தாறாம் வருடத்து ஷெவர்லே பிக்கப். நீல நிறம். எங்கள் ஊர் எஸ்பனோலா. இங்கே வண்டியைத் தரையோடு தரையாக இறக்காதவனை ஆண்பிள்ளைக் கணக்கிலேயே சேர்க்கமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை ரிவர்சைட் சாலைக்கு வந்தால், பளபளவென்று தேய்த்த பழைய வண்டிகள் வயிறு தரையில் உரசாத குறையாக ஊர்ந்து போகும். அவசரமாகப் போகிறவன் வேறு ஊருக்குத்தான் போக வேண்டும். கோஸ்மே மட்டும் இதற்கெல்லாம் எதிரி. முப்பது வருடம் மாவட்ட நிர்வாகத்துப் பட்டறையில் லாரிகளைப் பழுது பார்த்தவர். "சுமை தூக்கற வண்டிய முடமாக்கிட்டு அதுக்கு மினுக்கு வேற" என்று அந்த வண்டிப் பையன்களைத் திட்டாத ஞாயிறு கிடையாது. என் தம்பி ஒர்லாண்டோவிடமும் அதே வருடத்து வண்டி இருக்கிறது. அவன் விறகு வியாபாரி, அவனுக்கும் வண்டி உயரமாகத்தான் நிற்க வேண்டும்.

மிளகாய் வறுக்கும் வாசனை ஊர் முழுக்க வீசுகிற அந்த இலையுதிர் காலத்தில் என் இடது காலைத் தூக்கி வண்டிக்குள் வைப்பது பெரிய பாடாக இருந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டு ஏறுவேன். ஒரு ஞாயிறு கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. கோஸ்மே பார்க்கவில்லை என்று நினைத்துத் துடைத்துக்கொண்டேன்.

அந்த வாரம்தான் மாதர் சங்கத்து ரமோனா, சிமாயோ ஊர்க் கோயிலிலிருந்து புனித மண் கொண்டுவந்து கொடுத்தாள். அந்த மண்ணைத் தேடி எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வருவார்கள். குணமானவர்கள் விட்டுப்போன ஊன்றுகோல்கள் அங்கே சுவர் நிறையத் தொங்குகின்றன. நானும் ராத்திரி படுக்கும்போது ஒரு சிட்டிகை எடுத்து இடுப்பில் தேய்த்துக்கொண்டேன். மனதுக்குள் அரைநம்பிக்கைதான்.

அடுத்த ஞாயிறு பூசைக்குக் கிளம்பினோம். கதவைத் திறந்தேன், காலைத் தூக்கினேன், உள்ளே உட்கார்ந்திருந்தேன். எப்படி ஏறினேன் என்று எனக்கே தெரியவில்லை.

"கிழவா, பாத்தியா? வலிக்கவே இல்ல."

கோஸ்மே கண்ணாடியைச் சரிசெய்துகொண்டே, "குளிர் கொறஞ்சிருக்குல்ல, அதான்" என்றார். வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது.

பூசை முடிந்ததும் கோயில் படிக்கட்டிலேயே நின்று, எல்லாம் அந்த மண்ணின் மகிமை என்று எல்லோரிடமும் சொன்னேன். அந்தப் படிக்கட்டில் இறங்கத்தான் ரமோனாவின் தோள் வேண்டியிருந்தது. அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகுதான் எனக்குப் புத்தி பேதலித்ததுபோல் ஆயிற்று. கால் நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டே போனது. குளியல் தொட்டிக்குள் கால் வைக்க முடியவில்லை. அடுப்புக்கும் மேசைக்கும் நடுவில் ஊன்றுகோல் இல்லாமல் நிற்க முடியவில்லை. ஆனால் வண்டியில் மட்டும் போன மாதத்தைவிட இந்த மாதம் சுலபமாக ஏறினேன். உலகத்தில் யாருக்காவது இப்படி ஒரு கால் உண்டா? வெரோனிகா போனில், "அம்மா, ஆபரேஷனுக்குத் தேதி வாங்கட்டுமா?" என்று கேட்கும்போதெல்லாம் "வண்டியில பொண்ணு மாதிரி ஏறறேன்டி, எதுக்கு?" என்பேன். போனை வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துக் கழிவறைக்குப் போவேன்.

பங்குச் சாமியாரிடமே கேட்டுவிட்டேன். "சாமி, அற்புதம் ஒரு எடத்துல மட்டும் நடக்குமா? எனக்கு வண்டியில மட்டுந்தான் நடக்குது."

அவர் தாடையைச் சொறிந்துகொண்டார். "கிருபை படிப்படியா வரும் எர்லிந்தா."

"படியிலதான் சாமி வரவே மாட்டேங்குது."

கடைசியில் நானே ஒரு விளக்கம் கண்டுபிடித்தேன். டாக்டரிடம் வாக்குக் கொடுத்தபோது நான் வாய் திறந்து சொன்னது வண்டியைத்தான். குளியல் தொட்டியைச் சொல்லவில்லை, அடுப்படியைச் சொல்லவில்லை. கடவுள் சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொண்டுவிட்டார் போலிருக்கிறது. என் அவசர வாயை நானே நொந்துகொண்டேன். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவர்களுக்கு மதி எங்கே போயிற்று என்பார்கள். இங்கே வடிகிறது என்று சொன்னவளும் நான்தான், கேட்டு நம்பியவளும் நான்தான்.

வேறு சில விஷயங்களும் புரியவில்லை. வண்டி முன்பெல்லாம் இப்படிக் குதிக்காது. சிறு குழிக்கும் என் பல் பல்லோடு மோதியது. "ரோடு மோசம். வரி மட்டும் வாங்கறானுங்க" என்றார் கோஸ்மே. ரிவர்சைட் சாலைப் பையன்கள் எங்கள் வண்டியைப் பார்த்து மரியாதையாக முகவாயைத் தூக்கினார்கள். அதைவிட ஆச்சரியம், இவரும் பதிலுக்கு முகவாயைத் தூக்கினார். எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. புதன்கிழமை நான் மாதர் சங்கத்துக்குப் போய்வந்தால் மனிதர் குளித்து, நகத்தையெல்லாம் பிரஷ் போட்டுத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எழுபத்தோரு வயதில் இவருக்கு எவள் கிடைத்தாள் என்று கூட யோசித்தேன். யோசித்ததற்கு வெட்கப்பட்டு இன்னொரு ஜெபமாலை சொன்னேன்.

உனக்குக் கண் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். தினமும் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிற புருஷனின் தொப்பை எந்த நாளில் வந்தது என்று எந்தப் பெண்டாட்டியாவது சொல்வாளா? அப்படித்தான் இதுவும். அதிலும் எங்கள் ஊரில் தாழ்ந்த வண்டியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

தவக்காலம் பிறந்ததும் ஒரு முடிவுக்கு வந்தேன். பாதி அற்புதமாக இருந்தாலும் அற்புதம் அற்புதம்தான், நன்றி சொல்லாமல் இருந்தால் மீதி வராது. இரவுச் சாப்பாட்டின்போது சொன்னேன்.

"பெரிய வெள்ளிக்கு சிமாயோ போறோம். என் ஊன்றுகோல அங்க சுவத்துல மாட்டிட்டு வரப்போறேன்."

கோஸ்மேயின் கரண்டி குழம்பில் விழுந்தது. "எதுக்கு அவசரம்? இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாமே."

"கடவுளக் காக்க வைக்கச் சொல்றியா?"

"அது இல்லாம வீட்டுக்குள்ள எப்படி நடப்ப?"

"குடுத்தாத்தான் அவரு மீதியத் தருவாரு. உனக்கு நம்பிக்கை இல்லன்னா சும்மா இரு."

அவர் கரண்டியை எடுத்துத் துடைத்தார். ஆனால் அதற்குப் பிறகு சரியாகச் சாப்பிடவில்லை.

பெரிய வெள்ளியன்று சிமாயோ சாலையில் இரண்டு பக்கமும் ஜனங்கள் நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். சிலுவை சுமப்பவர்கள், குழந்தையைத் தோளில் வைத்திருப்பவர்கள், செருப்பைக் கையில் பிடித்திருப்பவர்கள். வண்டிகள் அவர்களுக்குப் பின்னால் நகர்ந்தன. எங்களுக்குப் பின்னால் ஒர்லாண்டோ தன் வண்டி நிறையத் தண்ணீர் பாட்டில்களோடு வந்தான், வருடா வருடம் நடந்து வருகிறவர்களுக்குக் கொடுப்பது அவன் வழக்கம். கோயிலுக்கு அரை மைல் இருக்கும்போது, ஒரு கிழவரைச் சுமந்து வந்தவர்களுக்கு வழி விடுவதற்காகக் கோஸ்மே வண்டியைச் சாலையோர மண்ணில் இறக்கினார். கடகடவென்று ஒரு சத்தம் கேட்டது. வண்டி ஒரு மேட்டின்மேல் வயிற்றை வைத்துப் படுத்துவிட்டது. சக்கரம் சுழன்றதே தவிர நகரவில்லை.

கோஸ்மே இறங்கிப்போய் அடியில் படுத்துக்கொண்டார். ஒர்லாண்டோ என்னிடம் வந்தான்.

"அக்கா, மச்சான் பாத்துக்கட்டும். நீ என் வண்டியில ஏறு, கோயில்ல விட்டுட்டு வரேன்."

நான் இறங்கி, அவன் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு, பழக்கம்போல இடது காலைத் தூக்கினேன். கால் பாதி உயரத்தில் நின்றது. அதற்குமேல் போகவில்லை. இன்னொரு முறை தம் பிடித்துத் தூக்கினேன். இடுப்பில் யாரோ கோடாலியைப் பாய்ச்சியதுபோல் இருந்தது. நடந்து போய்க்கொண்டிருந்தவர்களில் இரண்டு பெண்கள் நின்று பார்த்தார்கள்.

"என்னக்கா, அங்க துள்ளித் துள்ளி ஏறுவியே?"

"அதே வண்டிதானடா இதுவும்?"

"அதே வண்டிதான். மச்சான் அதோட ஒசரத்த எறக்கிட்டாரு, நான் எறக்கல." அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "உனக்குத் தெரியாதா? நீ சொல்லித்தான் செய்யறாருன்னு நாங்கல்லாம் நெனச்சோம்."

இரண்டு வண்டிகளையும் மாறி மாறிப் பார்த்தேன். ஒர்லாண்டோ வண்டியின் சக்கரத்துக்கு மேலே என் முழங்கை வரை நுழைக்கலாம். எங்கள் வண்டியில் விரல் நுழைக்க இடமில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துப் பரிமாறியிருக்கிறார், நானும் ருசி பார்த்துச் சாப்பிட்டிருக்கிறேன்.

வண்டிக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த பூட்ஸை ஊன்றுகோலால் தட்டினேன். "வெளிய வா."

"சங்கிலி கட்டி இழுத்தா வந்துரும். நீ போ."

"வெளிய வா கோஸ்மே."

வந்தார். தலைமுடியெல்லாம் மண். எழுந்திருக்காமல் அங்கேயே உட்கார்ந்துகொண்டார்.

"அன்னிக்கு ஒரு நாள் கதவப் புடிச்சிக்கிட்டு அழுத" என்றார். "நீ தொடச்சிக்கிட்ட, ஆனா நான் பாத்துட்டேன். அடுத்த புதன்கிழமை, வண்டி கொஞ்சம் தாழட்டும்னு ஸ்பிரிங்ல ஒரு சுத்து வெட்டி எடுத்தேன். அவ்வளவுதான்னு நெனச்சேன். நீ ஞாயித்துக்கிழமை ஏறி உக்காந்துட்டு, மண்ணுதான் காரணம்னு ஊருக்கே சொல்லிட்ட."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"உன் முகம் அப்படி இருந்துச்சு. எப்படிச் சொல்றது? அப்புறம் கால் இன்னும் மோசமாச்சு. இன்னொரு சுத்து எடுத்தேன். அப்புறம் இன்னொன்னு."

"தள்ளிப்போட்டா நாற்காலிதான்னு டாக்டர் சொன்னப்ப நீ அங்கதான இருந்த?"

"இருந்தேன்."

"கேட்டுட்டுமா வெட்டின?"

அவர் கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார். "அண்ணன் அமடோவும் நர்ஸுகிட்ட ஜோக் அடிச்சிக்கிட்டேதான் உள்ள போனாரு."

எனக்கு வந்த கோபத்துக்கு ஊன்றுகோல் அவர் தலையில் இறங்கியிருக்க வேண்டும். கூடவே அந்த மண் படிந்த தலையை மடியில் போட்டுத் தட்டிவிட வேண்டும் என்றும் இருந்தது. எது முதலில் என்று தெரியாமல் நின்றேன்.

"அஞ்சு மாசமா கடவுளுக்கு நன்றி சொல்லிட்டிருக்கேன்" என்றேன். "அத இப்ப யார்கிட்ட போய்த் திருப்பிக் கேக்கறது?"

"எனக்குத் தெரியல எர்லி."

ஒர்லாண்டோ சங்கிலி கட்டி வண்டியை மேட்டிலிருந்து இழுத்துவிட்டான். நடந்து போனவர்களில் நாலு பேர் கைகொடுத்தார்கள். நான் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். எவ்வளவு சுலபமாக இருந்தது! அந்தச் சுலபம் எனக்கு அருவருப்பாக இருந்தது. கோஸ்மே வந்து சாவியைப் போட்டார், ஆனால் திருகவில்லை.

"நான் கண்டுபிடிக்காம இருந்தா இன்னும் எவ்வளவு எறக்கியிருப்ப?"

"ஸ்பிரிங் தீர்ற வரைக்கும்."

"தீந்தப்புறம்?"

முன்கண்ணாடிக்கு வெளியே ஜனங்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அவர் அவர்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நம்ம வாசல்ல, ஆப்ரிகாட் மரத்துக்கு இந்தப் பக்கம், பள்ளம் தோண்டி வண்டிய அதுக்குள்ள எறக்கி நிறுத்தியிருப்பேன். நீ காலைத் தூக்கவே வேணாம். நேரா நடந்து வந்து உக்காந்துக்கலாம். அளந்துகூடப் பாத்துட்டேன்."

அந்த மரத்தடியில், டேப்பைப் பிடித்துக்கொண்டு இந்தக் கிழவர் தனியாகக் குனிந்து நின்றிருப்பார் என்று நினைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்தத் தடவை துடைத்துக்கொள்ளவில்லை.

"என்னால ஏற முடியாத நாள் வந்தாச்சு" என்றேன். "திங்கக்கிழமை டாக்டருக்கு நான் போன் பண்றேன். நான் உள்ள போறப்பயும் நீ அங்க இருக்கணும், வெளிய வர்றப்பயும் அங்கயே இருக்கணும். கேக்குதா?"

அவர் தலையை ஆட்டினார். சாவியைத் திருகப் பார்த்தார். மண் ஒட்டிய விரல்கள் வழுக்கின. நான் அவர் கைமேல் என் கையை வைத்துத் திருகினேன்.