ஒரு பைப்பும் ஆறு ஒயரும்

மாடி அறைச் சுவரில் இருந்த பெட்டியின் மூடியைக் கழற்றி, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கீழே மெயின் போர்டிலிருந்து சுவருக்குள்ளேயே ஏறி வருகிற பைப், கட்டைவிரல் பருமன்தான். வழியில் மூன்று இடத்தில் வளைகிறது. லைட்டுக்கும் ஃபேனுக்குமாக மூன்று ஒயர் ஏற்கெனவே இருந்தன. ஏசிக்குத் தடித்த ஒயர் இன்னும் மூன்று விடலாம். அதோடு சரி.

பைப்புக்குள் பாதிக்கும் குறைவாகத்தான் ஒயர் இருக்க வேண்டும் என்பது அவள் தொழிலில் அரிச்சுவடி. கரண்ட் ஓடினால் ஒயர் சூடாகும். சூடு ஆற உள்ளே காற்றுக்கு இடம் வேண்டும். நெருக்கியடித்துக் கிடந்தால் ஒன்றின் சூட்டை இன்னொன்று வாங்கி, மேல்தோல் இளகி, என்றைக்காவது சுவருக்குள்ளிருந்து புகை வரும். வாடிக்கையாளர்களிடம் இதைச் சொல்லும்போது அவள் கறாராக இருப்பாள். "முடியாதுங்க. வேணும்னா வேற ஆளப் பாத்துக்குங்க" என்று ஸ்க்ரூ டிரைவரைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவாள். பெரிய பெரிய கட்டட முதலாளிகளே அவளுக்கு முன்னால் பேச்சை மாற்றியிருக்கிறார்கள்.

ஆனால் இது மாமியார் வீடு. கல்யாணமாகி வந்து, எந்த டப்பாவில் சர்க்கரை, எதில் உப்பு என்பதே இப்போதுதான் பிடிபட்டிருந்தது. பஸ் ஓட்டுகிற கணவன் அவளைச் செல்லமாக 'கரண்ட்டு' என்று கூப்பிடுவான். மாமனாருக்கோ அவள் எலெக்ட்ரீஷியன் என்பதில் தலைகால் புரியாத பெருமை. தெருவில் யார் வீட்டில் ஃபேன் நின்றாலும் "எங்க வீட்ல மருமக இருக்கா, இரு அனுப்புறேன்" என்று இவளைக் கேட்காமலே வாக்குக் கொடுத்துவிட்டு வருவார்.

மாடி அறைக்கு ஏசி வருகிறது என்றதும் வீடே கலகலப்பானது. ராத்திரி சாப்பாட்டில் அத்தைதான் ஆரம்பித்தாள். "இவ்ளோ தூரம் இழுக்கற, வாஷிங் மெஷினையும் மாடிக்கே கொண்டு போயிடலாம்ல? துவைச்சதும் அங்கயே காயப் போட்டுருவேன். முட்டிக்கு நிம்மதி."

"சரி அத்தை."

"அண்ணி, அப்படியே என் ஓவனுக்கு ஒரு பிளக். கேக் ஆர்டர் எடுக்கலாம்னு இருக்கேன்" என்றாள் நாத்தனார்.

"சரி."

மாமனார் தொண்டையைச் செருமினார். அவர் பாட்டுப் பெட்டிக்கும் மாடியில் ஓர் இடம் வேண்டுமாம். "சின்ன ஒயர்தான் அதுக்கு. பல்லு குத்துற குச்சி மாதிரி."

அதற்கும் சரி என்றாள். சொல்லும்போதே உள்ளுக்குள் ஒருத்தி பதறிக்கொண்டிருந்தாள். 'அடி பைத்தியமே, எதுக்குடி எல்லாத்துக்கும் தலையாட்டுற' என்று கேட்டாள். வெளியே ஒரு பைப் தனியாகப் போடலாம்தான். ஆனால் அது மாடிப்படிச் சுவரில்தான் ஏற வேண்டும். மாமனார் பெயிண்டர். ஆயுசு முழுக்க ஊரான் வீட்டுச் சுவருக்கு அடித்துவிட்டு, இப்போதுதான் தன் வீட்டுக்கென்று இளம்பச்சை குழைத்து, பூச்சுக்கு மேல் பூச்சாக அந்தச் சுவரைக் கண்ணாடி மாதிரி ஆக்கி வைத்திருந்தார். படியேறும்போது சுவரில் கை வைத்தால் "கை, கை!" என்று கூடத்திலிருந்தே சத்தம் வரும். அந்தச் சுவரில் ஆணி அடிக்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரும் கூடிவிட்டார்கள். மெயினை அணைத்துவிட்டு, ஒயர்களின் நுனியை ஒன்றாகச் சேர்த்து டேப் சுற்றி, மேலிருந்து பைப்புக்குள் விட்டிருந்த இழுப்புக் கம்பியில் கட்டினாள். கட்டும்போதே அந்தக் கத்தை கைக்கு அடங்கவில்லை. வழுக்கிக்கொண்டு போகட்டும் என்று அத்தை பவுடர் டப்பாவோடு நின்று தூவிக்கொண்டே இருந்தாள். கீழே நின்று இவள் தள்ள, மேலே மாமனாரும் கணவனும் இழுத்தார்கள். முதல் வளைவு தாண்டியது. இரண்டாவதில் முனகிக்கொண்டே தாண்டியது. மூன்றாவதில் நின்றுவிட்டது.

"இழுடா!" என்றார் மாமனார்.

"இழுத்துக்கிட்டுத்தாம்ப்பா இருக்கேன்!"

"பஸ் ஸ்டியரிங் பிடிக்கிற கையாடா இது? என் இடுப்பப் பிடிச்சுக்க. ஏய், நீயும் வந்து இவன் இடுப்பப் பிடி."

நாத்தனாரும் போய்ச் சேர்ந்துகொண்டாள். மேலே வடம் பிடிக்கிற சத்தம் கேட்டது. திடீரென்று தடால் என்று ஒரு ஓசை, தொடர்ந்து மூன்று பேரின் சிரிப்பு. ஒயர் வந்துவிட்டது. மூவரும் மல்லாந்து விழுந்திருந்தார்கள்.

அவள் படியேறி ஓடினாள். பெட்டிக்கு வெளியே ஒரு முழ நீளத்துக்கு ஒயர்கள் வந்து தொங்கின. மாமனார் வெற்றி பெற்ற தளபதி மாதிரி வேட்டியைத் தட்டிக்கொண்டிருந்தார். அவள் மண்டியிட்டு ஒவ்வொன்றாக விரலால் தடவினாள். சிவப்பு ஒயரில் விரல் நின்றது. மேல்தோல் நீளமாக உரிந்து, உள்ளேயிருந்த செம்பு பளபளத்தது. வெளியே வந்த முழத்திலேயே இப்படி என்றால், சுவருக்குள் கிடப்பது எந்த லட்சணத்தில் இருக்கும்?

"அதான் வந்துடுச்சுல்ல கரண்ட்டு. ஒரு டேப்பச் சுத்தி விட்டுடேன்" என்றான் கணவன், முழங்கையைத் தேய்த்தபடி.

சுற்றிவிடலாம். யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் சந்தோஷம். நல்ல மருமகள் என்ற பெயரும் மிஞ்சும். அவள் எதிரே இருந்த முகங்களைப் பார்த்தாள். நாத்தனார் முடியெல்லாம் பவுடர். இந்த அறையில்தான் இவர்கள் எல்லோரும் புழங்கப் போகிறார்கள்.

"முடியாது மாமா" என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "எல்லாத்தையும் உருவணும். இந்தப் பைப்ல ஏசி மட்டும்தான். மத்ததுக்கெல்லாம் வெளிய வேற பைப் போடணும். படிச் சுவத்துல."

மாமனார் அந்தச் செம்பைக் குனிந்து பார்த்தார். பிறகு விறுவிறுவென்று படியிறங்கிப் போனார். வாசலில் சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டும் சத்தம் கேட்டது.

"கோவம் வந்துடுச்சா அத்தை?" என்றாள். கண் கலங்கியிருந்தது.

"இருக்கட்டும். நேத்தே இதச் சொல்றதுக்கு என்ன?"

"உங்ககிட்டல்லாம் எப்படி முடியாதுன்னு..."

"நல்லா இருக்குடி. அந்த மனுஷன்கிட்ட ஒரு தடவை முடியாதுன்னு சொல்ல, இவன் பொறந்து நடக்குற வரைக்கும் ஆச்சு எனக்கு. சொன்னதும் என்ன ஆகிப்போச்சு? ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தார், மூணாம் நாள் அவரே காப்பி போட்டுக் குடுத்தார். மூக்கச் சிந்து மொதல்ல."

ஒயர்களை உருவி முடிப்பதற்குள் மாமனார் திரும்பிவிட்டார். தோளில் ஒரு பைப். வாசலில் இருந்தே கத்தினார். "எங்கம்மா மருமக? கடைக்காரன்கிட்ட இருக்கிறதுலயே பெருசாக் குடுன்னு வாங்கிட்டேன். இதுல ஊருக்கே கரண்ட்டு இழுக்கலாம்!"

அவள் எட்டிப் பார்த்தாள். உதட்டைக் கடித்து அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. "மாமா, அது கக்கூஸ் பைப்."

கணவன் படியிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மாமனார் பைப்பை ஒருமுறை கண்ணில் வைத்து இந்தப் பக்கம் பார்த்தார். "அதான் அந்தக் கடங்காரன் ஒரு மாதிரி பாத்தானா?" என்றவர், சைக்கிளைத் திருப்பிக்கொண்டே சொன்னார். "வா, நீயே வந்து எடு. வர்ற வழியில யாராவது கேட்டா நான் வாங்கினேன்னு சொல்லாத."

சரியான பைப் வந்ததும் சுவரில் கோடு போட அவள் பென்சிலை எடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டார். "என் சுவரு. கோணலாப் போனா நான் சாப்பிட மாட்டேன்." நூல் பிடித்து, கண்ணை இடுக்கி, அவரே போட்டார். முதல் துளைக்கு டிரில்லை வைத்தபோது மட்டும் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

மதிய வெயில் உச்சிக்கு வந்தபோது வேலை முடிந்தது. ஏசி ஒரு தும்மல் தும்மிவிட்டு ஓடத் தொடங்கியது. அவள் கீழே போய்க் குளித்து, சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மேலே வந்தாள். அடித்துப் போட்டாற்போல் உடம்பு வலித்தது. கதவைத் திறந்தாள்.

கட்டிலில் மாமனார் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவருக்குக் குறுக்கே கணவன். கீழே பாயில் அத்தையும் நாத்தனாரும் ஒரே போர்வையை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு கிடந்தார்கள். எதிர்வீட்டு அம்மாள்கூட எப்போது வந்தாளோ, சுவரோரம் முந்தானையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தாள்.

"கதவச் சாத்தும்மா, குளிர் வெளிய போகுது" என்றாள் அத்தை, கண்ணைத் திறக்காமலே.

அவள் கதவைப் பிடித்தபடி ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு, அதை எங்கே வைப்பது என்று தரையில் தேடிக்கொண்டிருந்தாள்.