முகம் பார்க்கிற வயது

வந்தவருக்கு அவள் நாற்காலியை நகர்த்திப் போட்ட நேரத்தில் குழந்தை இடுப்பிலிருந்து நழுவி இறங்கிவிட்டான். உட்கார்ந்திருந்தவர்களின் கால்களுக்கிடையே தவழ்ந்து, கூடத்தின் நடுவில் கட்டிலில் கிடத்தியிருந்த பெரியப்பாவிடம் போய்ச் சேர்ந்தான்.

"பிள்ளையத் தூக்கும்மா," என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"இருக்கட்டும், விடுங்க," என்றான் அவள் கணவன். இறந்து கிடந்தவர் அவனுடைய அண்ணன்.

இன்னும் ஒரு வயது நிரம்பாதவன், கட்டில் சட்டத்தைப் பிடித்து எழுந்து நின்றான். பெரியப்பாவின் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். உதடுகளைக் குவித்து எச்சில் தெறிக்க 'ப்ர்ர்ர்' என்று வண்டி ஓட்டினான். காலமெல்லாம் லாரி ஓட்டியவர் பழக்கிய விளையாட்டு அது. அவன் வண்டியைக் கிளப்பினால் அவர் ஹாரன் அடிக்க வேண்டும். இதுவரை அவர் அடிக்காமல் இருந்ததில்லை. குழந்தை காத்திருந்தான். இன்னும் உரக்க ஓட்டினான். கன்னத்தில் தட்டினான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, சட்டத்தின் பெயின்டை நகத்தால் சுரண்டத் தொடங்கினான். சுரண்டியபடியே ஓரக்கண்ணால் மறுபடி பார்த்தான்.

அதற்குப் பிறகுதான் அழுதான். அழுதுகொண்டே அங்கிருந்த முகங்களை ஒவ்வொன்றாகத் தேடினான். அவள் மண்டியிட்டுக் கைகளை நீட்டினாள். அவன் பார்வை அவள்மேல் வந்து நின்றது; பிறகு தாண்டிப் போனது. அவள் தூக்கியபோது வில்லாக வளைந்து திமிறினான்.

பிரசவத்தோடு அவளுக்கு இதயம் பலவீனப்பட்டுவிட்டது. பாதி நாள் ஆஸ்பத்திரி, பாதி நாள் படுக்கை. குழந்தையைத் தூக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முழங்கால் தேய்ந்து வண்டியை விட்டிறங்கிய மூத்தவர் அப்போதுதான் இந்த வீட்டுக்கு வந்தார். கல்யாணம் ஆகாதவர், பிள்ளை வளர்த்துப் பழக்கமில்லாதவர். ஆனாலும் பால் கலக்கவும் துணி மாற்றவும் கற்றுக்கொண்டார். லோடு ஏற்றிய வண்டியை இறக்கத்தில் கொண்டுபோவதுபோல் பிள்ளையை மெதுவாகத் தொட்டிலில் இறக்குவார். அவள் தேறி எழுந்து, கண்ணாடிக் கடை வேலைக்குத் திரும்பியபோது, குழந்தைக்கு எல்லாமே அவர் என்றாகிவிட்டிருந்தது. அவள் வேலைக்குக் கிளம்பினால் அவர் தோளிலிருந்தபடி கையை ஆட்டி வழியனுப்புவான். அவர் டீ குடிக்கத் தெருவில் இறங்கினால் வீடு இரண்டாகும்.

போன வாரம் பால் புட்டிகளைக் கழுவிக்கொண்டே அவர் சொன்னார்: "வேற ரூம் பாத்துப் போயிடலாம்னு இருக்கேம்மா. நான் கண்ணுல பட்டுக்கிட்டே இருந்தா அவன் உங்கிட்ட ஒட்ட மாட்டான்."

ஏன் மாமா இப்படிப் பேசுறீங்க என்று கேட்டிருக்கலாம். அவள் வாயில் வந்தது, "எப்ப மாமா?" என்பதுதான்.

அவர் குனிந்த தலை நிமிராமல் புட்டிக்குள் பிரஷ்ஷை விட்டுத் தேய்த்தார். "நல்ல ரூமாக் கெடைக்கட்டும்," என்றார்.

வீடே அவளுடைய இதயத்துக்குக் காவல் இருந்தது. நின்றது அவருடையது. நேற்றுக் காலை, பால் கலக்கிக்கொண்டிருந்தபோது.

மதியம் அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். குழந்தைக்காக அவள் வீட்டில் தங்கினாள். அவன் நேராக அவருடைய அறைக்குத் தவழ்ந்து போனான். கதவுக்குப் பின்னால் பார்த்தான். அலமாரி ஓரத்தில் பார்த்தான். அவர் ஒளிந்து விளையாடிய இடமெல்லாம் தேடிவிட்டு, நடு அறையில் உட்கார்ந்து ஓலமிட்டான். பால் கொடுத்தால் தட்டிவிட்டான். பாட்டுக்கும் மசியவில்லை.

அவளும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எனக்கும் தெரியலடா," என்றாள். அதைச் சொன்னதும், நேற்றிலிருந்து வராத அழுகை வந்தது. அவன் தன் அழுகையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். அருகில் வரவில்லை. நெடுநேரம் விம்மி ஓய்ந்தபின், சாய வேறு இடமில்லாததுபோல் அவள் முழங்காலில் தலையை வைத்துத் தூங்கிப்போனான்.

வெயில் இறங்கியதும் அவனைப் படுக்கையில் கிடத்திவிட்டு, முகம் கழுவக் குளியலறைக்குப் போனாள். குழாயைத் திறந்து சற்று நேரத்தில் அழுகை கேட்டது. அவரைத்தான் தேடுகிறான் என்று நினைத்து, கண்ணில் சோப்போடு அப்படியே நின்றாள். உள்ளங்கைகள் தரையில் அறையும் சத்தம் அவர் அறை வரை வந்தது. அங்கே நிற்கும் என்று எதிர்பார்த்தாள். நிற்கவில்லை.

கதவின் அடியிலிருந்த இடுக்கில் நான்கு சின்ன விரல்கள் நுழைந்தன.

அது வெளிப்பக்கம் திறக்கிற கதவு. தள்ளினால் அவன்மேல் இடிக்கும். அவள் ஈரத் தரையில் உட்கார்ந்து, தன் கையை இடுக்கருகே கொண்டுபோனாள். குழாய் கொட்டிக்கொண்டே இருந்தது.