கையிலேயே இருந்த போன்

அச்சங்குளத்துப் பட்டாசுக் கம்பெனிக்குள் செல்போனுக்கு அனுமதி கிடையாது. தீப்பெட்டி, பீடி, செல்போன் மூன்றும் அங்கே ஒரே ரகம். வாட்ச்மேன் ராஜபாண்டியன் கேட்டில் நின்று, போனை அணைத்தாயிற்றா என்று பார்த்துத்தான் வாங்கிப் பெட்டியில் போடுவார். இனிச் சாயங்காலம்தான் கைக்கு வரும்.

ரோஜாவுக்கு அதுதான் வயிற்றெரிச்சல். பி.எஸ்சி. வேதியியல் முடித்தவள். நல்ல வேலை வரும்வரை என்று சொல்லிக்கொண்டு அம்மா முருகம்மாளோடு பட்டாசு பேக்கிங்குக்கு வந்து இரண்டு வருடம் ஓடிவிட்டது. அப்பா இல்லாத வீட்டில் ஒருத்தி சம்பளத்தில் அடுப்பெரியாது. அவளும் சளைக்காமல் விண்ணப்பம் போட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் வேலை கொடுக்கிற மகராசர்கள் எல்லாரும் பகலில்தானே கூப்பிடுகிறார்கள்? சாயங்காலம் போனைத் திறந்தால் தவறிய அழைப்புகள் வந்து விழும். திருப்பி அடித்தால் ஆபீஸ் மூடியிருக்கும். மறுநாள் அவர்கள் கூப்பிடும்போது இவள் உள்ளே இருப்பாள். வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு ஒரு சுத்தமான லேபில் நிற்க வேண்டும், பட்டாசுத் தூசி ஒட்டாத கையால் ஒரு வாய் சோறு தின்ன வேண்டும் என்று அவள் பட்ட ஏக்கம் கொஞ்சநஞ்சமல்ல.

நல்லவேளையாக, மதுரையில் ஒரு மாத்திரை கம்பெனி நேர்காணலுக்கு வரச்சொல்லி மெயில் அனுப்பியது. கேட்ட வேலையே, லேபில். முருகம்மாள் கம்பெனி பஸ் முழுக்கச் சொல்லிவிட்டாள். ரோஜா லீவு போட்டுவிட்டு முதல் பஸ்ஸில் மதுரைக்குக் கிளம்பினாள்.

அங்கேயும் பெரிய இரும்புக் கேட், காக்கிச் சட்டை வாட்ச்மேன். உள்ளே வரவேற்பில் இருந்த பெண், முறை வந்ததும் போனில் கூப்பிடுவோம், கையிலேயே வைத்திருங்கள் என்று சொன்னாள். ரோஜா அப்படியே செய்தாள். பார்த்தால் படபடப்பு கூடும் என்று போனைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொருவர் போனாக அடித்தது. ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அவளுக்குப் பிறகு வந்தவர்கள்கூடப் போனார்கள். கேட்டால் அவசரக்காரி என்று நினைத்துவிடுவார்களோ என்று வாயைத் திறக்காமல் இருந்தாள். ஹாலில் மின்விசிறியை நிறுத்தியபோதுதான் எழுந்து போய்க் கேட்டாள்.

"மூணு தடவை கூப்பிட்டோம்மா. சுவிட்ச் ஆஃப்னு வந்துச்சு. வரலைன்னு போட்டுட்டாங்க" என்றாள் வரவேற்புப் பெண்.

ரோஜா போனைத் திருப்பிப் பார்த்தாள். செத்துக் கிடந்தது. கேட்டைப் பார்த்ததுமே கட்டைவிரல் போனை அணைத்துத் தன் வேலையைக் காட்டியிருக்கிறது, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல். இரண்டு வருடப் பழக்கம் லேசில் விடுமா? எங்கள் கம்பெனி கேட்டில் இப்படித்தான் அணைப்போம் என்று அவள் திக்கித் திணறிச் சொன்னாள். அந்தப் பெண்ணுக்கும் பாவமாக இருந்தது. உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து உதட்டைப் பிதுக்கினாள். ஆளை எடுத்து முடித்துவிட்டார்களாம்.

திரும்பும் பஸ் திருமங்கலம் தாண்டியபோது, மறுபடி போட்டு வைத்திருந்த போன் அடித்தது. அம்மா. பின்னால் பெண்களின் பேச்சுச் சத்தம். கம்பெனி பஸ்ஸில் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறார்கள் போலிருக்கிறது.

"என்ன தாயி சொன்னாக?"

ரோஜாவுக்கு உண்மையைச் சொல்ல மனசு வரவில்லை.

"நல்லாத்தான் கேட்டாகம்மா. கூப்பிட்டுச் சொல்லுதோம்னு இருக்காக."

அந்தப் பக்கம் முருகம்மாள் பஸ்ஸில் இருந்தவர்களிடம் அதை உரக்கச் சொன்னது கேட்டது. பிறகு குரலைத் தணித்துக்கொண்டு பேசினாள்.

"அப்ப நாளையிலருந்து நீ கம்பெனிக்கு வராத. போனோட வீட்டுலயே இரி. அவுக கூப்பிடுதவரைக்கும் உன் பங்கையும் நானே பாத்துக்கிடுதேன். பெட்டியில போட்டுட்டுப் பரிதவிச்சது போதும் தாயி."

சரிம்மா என்று சொல்லிப் போனை வைத்தாள். இனி எந்தக் கம்பெனியாவது கூப்பிட்டே ஆக வேண்டும். பஸ் விருதுநகர் வருவதற்குள், கண்ணைத் துடைத்துக்கொண்டு, கண்ணில் பட்ட வேலைக்கெல்லாம் விண்ணப்பம் போட்டாள்.