கரீம் பாட்சாவின் இடது கட்டைவிரல்

இந்தக் காலத்து ஆட்களுக்கு ஸ்விட்சைப் போடத் தெரியும், அது எங்கிருந்து வருகிறது என்று கேட்கத் தெரியாது. அரைமணி நேரம் ஃபேன் நின்றால் மட்டும் தெருவுக்கு வந்து அடுத்தவன் அம்மாவை இழுத்துக் கத்துவார்கள். ஆகையால் கேட்காதவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது: தாராவியில் பதினொரு சந்துகளுக்கு இருபத்திரண்டு வருடமாகக் கரண்டு வருவது கரீம் பாட்சாவின் இடது கட்டைவிரலிலிருந்து.

கடையநல்லூரிலிருந்து பதினேழு வயதில் வந்தவர். தோல் பட்டறையில் கொஞ்சநாள் பசை தடவினார். பிறகு ஒரே மீட்டரிலிருந்து நாற்பது வீட்டுக்குக் கம்பி இழுத்து, பல்புக்கு இவ்வளவு என்று வாங்கும் தொழிலில் இறங்கினார். அதே சந்துகளில் டீசல் ஜெனரேட்டர் ஓட்டிப் பிழைத்தவர் பூலோகம். அவருக்குப் பொறுக்கவில்லை. 2003 மழைக்காலத்தில் அவருடைய ஆட்கள் கரீமைப் பிடித்து, முன்பற்கள் நான்கை உடைத்து, கம்பத்தில் கட்டி, தோல் உரித்த கம்பியைக் கட்டைவிரலில் சுற்றி, ஒரு கட்டிங் சாய் குடிக்கிற நேரம் அப்படியே விட்டுவைத்தார்கள். சட்டை எரிந்தது, ஆள் சாகவில்லை. அவிழ்த்துவிட்டபோது மெயின் லைன் செத்துப்போயிருந்தது. அவர் விரலில் சுற்றிய கம்பியின் மறுமுனையில் தொங்கிய பல்பு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அன்றைக்குத் தக்காளி கிலோ எட்டு ரூபாய்.

அந்தக் கம்பியைக் கழற்றாமலே அவர் சந்துகளுக்கு லைன் இழுத்தார். உள்ளே புகுந்த கரண்டு, அவருக்குப் பூலோகத்தின் மேலிருந்த கோபத்தில்தான் ஓடியது. கோபம் ஏறினால் வோல்டேஜ் ஏறும், தணிந்தால் தணியும். சாயங்காலம் தையல் மிஷின்கள் திணற ஆரம்பித்ததும் ஒரு வீட்டார் வந்து அவரைத் திட்ட வேண்டும் என்று சந்தில் முறைவைத்தார்கள். "ஏலே கரீமு, கம்பத்துல கட்டுன கெடாக்குட்டி! பூலோகம் கட்டுன கயிறு இன்னும் இடுப்புல கெடக்கால?" என்று ஒருத்தி ஆரம்பித்தால் டியூப்லைட்டுகள் வெள்ளையாக எரியும். குழாயடியில் பழகிய வாயாக இருந்தால் ஃபிரிட்ஜும் ஓடும். பட்டறைகள் பெருகியதும் வாய் போதவில்லை. வேல்ராஜ் என்றொருவனைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார் கரீம். வேல்ராஜுக்கு இரண்டு வேலை: ரப்பர் கையுறை மாட்டி, காலையில் முதலாளியின் முதுகில் பெல்ட்டால் பன்னிரண்டு அடி, மீதி நேரத்தில், கம்பியை வெட்டுகிறவன் முட்டியை உடைப்பது. இரண்டு பேர் நொண்டியானார்கள். ஒருவன் மாஹிம் ஓடைப் பக்கம் கிடந்தான்.

கம்பெனி பதிவானது. கிங்ஸ் சர்க்கிளில் மாடியில் ஆபீஸ். மாட்டுங்கா ஆடிட்டர் வேங்கடசுப்ரமணியன் விண்ணப்பத்தில் எரிபொருள் என்ற இடத்தில் நிலக்கரியா டீசலா என்று வெகுநேரம் யோசித்துவிட்டு, 'மற்றவை' என்று எழுதினார். வியாபாரிகள் சங்கம் கேடயம் கொடுத்தது. அதைக் கொடுத்துக் கைகுலுக்கியவர் மூன்று நாள் படுக்கையில் கிடந்தார். தொழில் இப்படி ஓஹோவென்று இருந்தும், கரீமின் மனைவி மர்யம் அவருக்கு மரக்கரண்டியால்தான் சோறு தள்ளினாள். இரண்டு கட்டிலுக்கும் நடுவே ஒரு பலகை. "ஒங்க கையப் புடிச்சு எத்தன வருசமாச்சு தெரியுமா?" என்று ஒருநாள் கேட்டாள். அதற்குப் பிறகு அவருக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் நோன்புப் பெருநாளன்று பூலோகம் வந்தார். பக்கவாதம் வந்து வாய் கோணிய கிழவர். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "பாய், மாஃப் பண்ணிருங்க. சாவதுக்கு முன்ன சொல்லிரணும்னு வந்தேன்" என்றார்.

கரீம் எழுந்து வாசலுக்கு வந்தார். "பெருநாளைக்கு வந்த ஆள வாசல்ல நிக்க வச்சா நல்லாவா இருக்கு? உள்ள வாங்க அண்ணாச்சி, பிரியாணி ஆறுது."

ஒரே சஹன் தட்டில் இருவரும் கைவைத்து உண்டார்கள். பூலோகம் இரண்டாம் கவளம் எடுத்தபோது பதினொரு சந்துகளும் அணைந்தன. மர்யம் பயந்து பயந்து விரலால் கணவனின் தோளைத் தொட்டாள். ஒன்றும் ஆகவில்லை. கையைப் பிடித்தாள். பிடித்தவள் அப்புறம் விடவே இல்லை. அரிசி களைகிறபோதும் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் பட்டறைக்காரர்கள் திரண்டு வந்தார்கள். திட்டினார்கள், கரீம் சிரித்தார். பூலோகத்தின் பெயரைச் சொன்னார்கள். "நம்ம வீட்டுல ஒரே தட்டுல சாப்பிட்ட மனுசன். அவர்மேல எப்படிப்பா கோவம் வரும்?" என்றார். துபாய்க்கு அனுப்ப வேண்டிய பைகள் பாதித் தையலில் கிடந்தன. அவர்மேல் கோபம் வராவிட்டால், அவருக்காகவாவது வரட்டும் என்று வேல்ராஜ்தான் யோசனை சொன்னான். பூலோகத்தைத் தரதரவென்று இழுத்துவந்து கரீமின் கண்ணெதிரே போட்டு, இரும்புக் குழாயால் முதலில் வலது காலை, பிறகு இடது காலை முறித்தார்கள். பட்டறைக்காரர்கள் கதவை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

"கைய விடு மர்யம்! விட்டுரு!" என்று கரீம் அலறினார்.

"விடமாட்டேன். கோவப்படாதீங்க. என்னையப் பாருங்க" என்றாள் அவள். மூன்றாம் அடி பூலோகத்தின் தலையில் விழுந்தது.

மாஹிம் வரை பல்புகள் வெடித்தன. நின்றுபோன மிஷின்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓட ஆரம்பித்தன, யாரும் பெடலில் கால் வைக்காதவையும் ஓடின. மர்யமின் விரல்களைப் பிரிக்க முடியாமல், கருகிய கையைக் கத்திரித்துத்தான் அவள் உடலைக் குளிப்பாட்டி அடக்கினார்கள். மூன்று நாள் கழித்து அவர் கையில் தங்கிய எலும்பு தானாக உதிர்ந்தது. பைகள் நாள் தவறாமல் துபாய் போய்ச் சேர்ந்தன.

அதற்குப் பிறகு யாரும் திட்டப் போகவேண்டியதில்லை, பெல்ட்டும் வேண்டியதில்லை. வோல்டேஜ் ஒருநாளும் இறங்கியதில்லை. கம்பியைக் கழற்ற யாராலும் கிட்டே போக முடியவில்லை, கரீமும் கேட்கவில்லை. லைன் இப்போது சுனாபட்டி வரை போயிருக்கிறது. அங்கே கல்யாண மண்டபத்தில் நல்ல கரண்டு என்று பேச்சு.

மேனேஜர் வேல்ராஜ் போன வாரம் சாயாக்கடையில் இந்தக் கிழவனைப் பார்த்துச் சொன்னான்: "பெரியப்பா, ஒங்க வீட்டுக்கும் ஃப்ரீயா ஒரு லைன் இழுத்துரவா? இனிமே கட்டே ஆகாது. காரண்டீ."

"அந்த மனுசன் இனிமே சிரிக்கவே மாட்டாருன்னு காரண்டீ குடுக்க, அப்படித்தானல?"

"அதெல்லாம் அவரு பழகிட்டாரு பெரியப்பா" என்றான்.

பழகிவிட்டாராம். சாயாவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தாயிற்று.