நீர்க்காகம் விரட்டுகிற வேலை

1
தேயிலைக் கொழுந்துக் கூடையைத் தொட்டுச் சத்தியம் செய்கிறேன்: இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. இலங்கை மலையகத்தில், வட்டகொடை ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது, தோட்டத்தில் ஆள்களை மேய்க்கும் ஒரு கங்காணியைப் பார்த்தேன். அவருடைய கறுப்புக் கோட்டின் முதுகில் ஓர் ஓட்டை. காரணத்தை நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதையை எழுத வேண்டி வந்திருக்காது.

2
பனி போர்த்திய மலைச்சரிவில் ஒரு கரிய பறவை தன் சிறகை

(வேண்டாம். பனியை வைத்துத் தொடங்கினால், கதை முடிவதற்குள் வாசகருக்குச் சளி பிடித்துவிடும்.)

1951. தோட்டத்துத் துரையின் பங்களாவுக்குக் கீழே ஒரு குளம். அதில் துரை ஆசையாக வளர்த்த சீமை மீன்கள். அவரைவிட ஆசையாக அவற்றைத் தின்ன ஒரு நீர்க்காகம். அதை விரட்டுவதற்கு, வேலை பிரித்துக் கொடுக்கும் காலைப் பெரட்டில் செல்லசாமிக்குப் பேர் போட்டார்கள். முழங்கால் வீங்கி மலையேற முடியாத மனிதன். இந்த வேலையும் போனால், அவனும் மனைவி காளியாயியும் தோட்டம் கொடுத்திருந்த ஒற்றை அறை லயத்துக் காம்பராவைக் காலி செய்ய வேண்டியதுதான்.

3
செல்லசாமியை முதலில் சோம்பேறியாகத்தான் எழுதினேன். அவன் கேட்கவில்லை. தகரத்தைத் தட்டி, தொண்டை கிழியக் கத்தி, பறவையைத் தோட்டத்தைவிட்டே துரத்திவிட்டான்.

கங்காணி நல்லமுத்து வந்து குளத்தைப் பார்த்தார். "காக்காயே இல்லாத கொளத்துக்குக் காவல் எதுக்குடா? நாளையிலேருந்து மலைக்கு ஏறு."

காளியாயி தலையில் அடித்துக்கொண்டாள். "வெரட்டத்தானே சொன்னாங்க? ஒரேயடியா முடிச்சு வைக்கவா சொன்னாங்க?"

4
மீன் தின்றதும் நீர்க்காகம் சிறகை விரித்துக் காயப்போடும்.*

மறுநாள் விடியுமுன், கங்காணி வீட்டுக் கொடியில் கிடந்த கறுப்புக் கோட்டைக் காளியாயி எடுத்துவந்தாள். எதிர்க்கரையில் குச்சி நட்டு, கைகள் விரிய அதை மாட்டினாள். பனியில், பங்களாவிலிருந்து பார்த்தால் அதுவேதான்.

"இது மீனு திங்காதே" என்றான் செல்லசாமி.

"திங்காத காக்காதான் குடும்பத்துக்கு ஆகும். நீங்க கத்துங்க."

அவன் மனப்பூர்வமாகக் கத்தினான். கோட்டு அசையவில்லை. சத்தம் கேட்டுத் துரை துப்பாக்கியோடு இறங்கி வந்தார். கூடவே நல்லமுத்தும் வந்தார். துரை இந்தக் கரையிலிருந்தே சுட்டார். குண்டு பட்டது. பறவை பறக்கவில்லை.

"அதுக்கு ரொம்ப தைரியம் இருக்குது" என்றார் துரை.

நல்லமுத்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். தன் கோட்டை அவருக்குத் தெரியாதா? செல்லசாமி அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் காம்பரா அந்த வாய்க்குள் இருந்தது.

* இது உண்மை. மற்றவற்றையும் இதேபோல் நம்பவும்.

5
முடிவு ஒன்று: கங்காணி உண்மையைச் சொல்லிவிடுகிறார். செல்லசாமியும் காளியாயியும் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு

(காளியாயி என்னை முறைத்தாள். நிறுத்திவிட்டேன்.)

முடிவு இரண்டு: கங்காணி தொண்டையைச் செருமிக்கொண்டார். "இது ஒரு ஆளுக்கு அடங்காதுங்க, தொரை. என் மச்சான் பேரையும் சேர்த்துப் போடுங்க."

முடிவு மூன்று உங்களுடையது. எப்படி வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளுங்கள். காம்பராவில் மட்டும் கை வைக்காதீர்கள்.

அந்தத் தோட்டத்தில் குளம் இருந்ததில்லை.